ஆலை வாசலில் கைமாறும் உரிமை

சித்தூர் மாவட்டத்தின் ஐராலா, தவணம்பள்ளி, பூதலப்பட்டு வட்டாரங்களில் கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால், வயலோரத்து வெல்ல அடுப்புகளில் தீ அணைவதில்லை. அந்தத் தீக்கு வெளியூரிலிருந்து விறகு வருவதில்லை. ஆலையின் உருளைகளுக்கிடையே பிழிந்து விழும் சக்கையைக் களத்தில் பரப்பி, சில நாள் வெயிலில் உலர்த்தி, அதே அடுப்புக்கு இரையாக்குகின்றனர். 100 கிலோ கரும்பு ஏறத்தாழ 60 கிலோ சாறு தரும். அச்சாறு சுண்டி 10 கிலோ வெல்லமாகும். இடையில் ஆவியாகிப் போகும் 50 கிலோ நீரை விரட்டத் தேவையான வெப்பம் முழுவதையும் அந்தக் கரும்பின் சக்கையே தந்துவிடுகிறது. பயிர்க்கழிவிலிருந்து ஊரளவில் எரியாற்றல் ஆக்குவது பற்றி இன்று மாநாடுகளில் பேசுகிறார்கள். இம்மாவட்டத்து உழவர் அதைத் தலைமுறைகளாகச் செய்துவருகிறார்கள்.

அடுப்படியில் நின்று பார்த்தவர்க்கு இத்தொழிலின் நுட்பம் விளங்கும். குழியில் அமர்ந்து தீ போடுபவர் சக்கையை அள்ளி வீசும் வேகத்தில்தான் கொப்பரையின் கொதி நிற்கிறது. மேலே நிற்பவர் அழுக்கு நுரையை வழித்தெடுத்தபடியே பாகின் நிறத்தைக் கவனிக்கிறார். பதம் நெருங்கியதும் துடுப்பில் ஒட்டிய பாகில் சிறிதெடுத்துத் தண்ணீரில் இட்டு, விரலால் உருட்டிப் பார்க்கிறார். உருண்டு நின்றால் ஒரு குரல் கொடுக்கிறார். கீழே இருப்பவர் அந்நொடியே கையை நிறுத்துகிறார். தீ மிஞ்சினால் பாகு கருகிவிடும். குறைந்தால் வெல்லம் இறுகாமல் கசிந்துகொண்டே இருக்கும். வெப்பத்தை இவ்வளவு கருத்தோடு ஆளுகிற இவ்விருவரையும் எரியாற்றல் வல்லுநர் என்று எந்தத் திட்டமும் அழைத்துக் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

உழவர்கள் பயிர்க்கழிவைக் கொண்டு எரியாற்றல் ஆக்கிக்கொள்ள எவ்வாறு ஒன்றுசேரலாம் என்ற கேள்வி எழும்போதெல்லாம், பேச்சு இயந்திரத்தில் தொடங்கி மானியத்தில் முடிந்துவிடுகிறது. எந்தக் கலன், எத்தனை கிலோவாட், அரசு தரும் பங்கு எவ்வளவு என்றே வினவுகின்றனர். நாம் முதலில் எழுப்ப விரும்பும் கேள்வி வேறு. கழிவு யாருக்குச் சொந்தம்?

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் பயிர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எரியாற்றலுக்கு நன்கு உதவும் கழிவு பெரும்பாலும் வயலில் பிறப்பதில்லை, ஆலையில் பிறக்கிறது. நெல்லின் உமி அரிசி ஆலையில் பிரிகிறது. நிலக்கடலையின் ஓடு உடைப்பு ஆலையில் குவிகிறது. மாவின் கொட்டையும் தோலும் கூழ் ஆலையில் மலையாகின்றன. கரும்பின் சக்கை சர்க்கரை ஆலையின் கொதிகலனுக்குப் போகிறது. விளைச்சலை ஏற்றிய வண்டி ஆலை வாசலைக் கடந்த அக்கணமே, விளைச்சலுக்குள் பொதிந்திருக்கும் எரிபொருளின் உரிமையும் கைமாறிவிடுகிறது. அதற்கென்று தனிவிலை கேட்கும் வழக்கம் உழவரிடம் இல்லை. தரும் வழக்கம் ஆலையிடமும் இல்லை. வயலில் எஞ்சுவன வைக்கோல், கடலைக்கொடி, கரும்புத் தோகை, மாமரக் கவாத்துக் கிளை, மல்பெரிக் குச்சி. இவற்றில் முதலிரண்டும் மாட்டுக்கு உரியவை. மற்றவை இலேசானவை, சிதறிக் கிடப்பவை, ஏற்றிச்செல்லும் கூலிக்கே கட்டுபடியாகாதவை.

வெல்ல அடுப்பு இந்த விதிக்கு விலக்காக நிற்கிறது. அங்கே பிழிவதும் காய்ச்சுவதும் உழவரின் களத்திலேயே நடப்பதால் சக்கை அவர் கையைவிட்டுப் போவதில்லை. அதே கரும்பு சர்க்கரை ஆலைக்குப் போகும்போது, 100 கிலோவுக்கு ஈரமும் நாருமாக ஏறத்தாழ 30 கிலோ சக்கை ஆலையின் உடைமையாகிறது. ஆலை அதை எரித்து நீராவி ஆக்கிச் சர்க்கரை காய்ச்சுகிறது. இணைமின் நிலையம் வைத்திருக்கும் ஆலை, எஞ்சிய ஆற்றலை மின்சாரமாக்கி விற்கவும் செய்கிறது. 2012-ல் அறிக்கை அளித்த ரங்கராஜன் குழு இதைக் கருத்தில் கொண்டது. சர்க்கரையோடு சக்கை, கழிவுப்பாகு, ஆலைச்சேறு ஆகியவற்றின் மதிப்பையும் கூட்டி, அம்மொத்தத்தில் நூற்றுக்கு 70 பங்கு கரும்பு விளைத்தவருக்குச் சேரவேண்டும் என்று பரிந்துரைத்தது. சக்கைக்கு மதிப்பு உண்டு, அம்மதிப்பில் உழவருக்குப் பங்கு உண்டு என்று ஓர் அரசுக் குழுவே எழுதிவைத்தது. மைய அரசோ அதை மாநிலங்களின் விருப்பத்திற்கு விட்டுவிட்டது.

சித்தூரில் நிகழ்ந்தது இன்னும் துயரமானது. உழவரின் பங்குப்பணத்தில் எழுந்த சித்தூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும், ரேணிகுண்டாவை அடுத்த காஜுலமண்டியத்தின் வெங்கடேசுவரா கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் அரவையை நிறுத்திவிட்டன. உழவரே உரிமையாளராயிருந்த ஆலையில், சக்கையும் முறைப்படி உழவருடையதாகவே இருந்திருக்க வேண்டும். அந்த வாய்ப்பும் ஆலையோடு போயிற்று. பாலிலும் இதே கதைதான். சித்தூரின் கூட்டுறவுப் பால்பண்ணை 2002-ல் மூடப்பட்டது. அவ்விடத்தில் அமுல் நிறுவனத்தின் பணிக்கு அடிக்கல் நாட்டப்பட 2023 வரை காத்திருக்க நேர்ந்தது. இருபதாண்டுக்கும் மேலாக இயந்திரங்கள் துருப்பிடித்துக் கிடந்ததைக் கண்ட மக்கள் இவர்கள். கூட்டுறவு என்ற சொல்லைக் கேட்டதும் அவர்கள் முகம் திருப்பினால், அவர்கள்மேல் குற்றம் சொல்ல எவருக்கும் தகுதியில்லை. புதிய அமைப்பு எதுவாயினும் இந்த அவநம்பிக்கையை மதித்தே தொடங்கவேண்டும்.

பயிர்க்கழிவு என்றவுடன் பஞ்சாபின் புகைமண்டிய வயல்கள் நினைவுக்கு வருகின்றன. அந்தச் சித்திரத்தைச் சித்தூருக்குக் கொண்டுவருவது பிழை. இது கறவை மாடுகளின் நாடு. இங்கே வைக்கோற்போர் ஒரு வீட்டின் சேமிப்பு. மழை பொய்த்த ஆண்டில் அதன் விலை ஏறும். கடலைக்கொடியை உதறிக் கட்டி வைத்துக் கோடையில் மாட்டுக்குப் போடுவார்கள். இவற்றைக் கொதிகலனுக்குத் திருப்பும் எந்தத் திட்டமும் பால் தரும் மாட்டின் வாயிலிருந்து தீனியைப் பறிப்பதாகும். வைக்கோலிலிருந்து எரியாற்றல் பெற இவ்வட்டாரத்திற்கு ஏற்ற வழி மாட்டின் வழியேதான் செல்கிறது. தின்ற தீனி சாணமாகிறது; 25 கிலோ சாணம் கலனில் நொதித்து ஏறத்தாழ ஒரு கன மீட்டர் எரிவாயு தருகிறது; நொதித்த கரைசல் உரமாக வயலுக்குத் திரும்புகிறது. ஒரு சிறு குடும்பத்தின் சமையலுக்கு இரண்டு கன மீட்டர்க் கலன் போதும். நான்கைந்து மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு இது எளிது. ஒரே மாட்டை வைத்துப் பிழைக்கும் வீட்டுக்கு இயலாது. அங்கேதான் ஊர் ஒன்றுசேரவேண்டிய தேவை பிறக்கிறது.

அப்படி ஒன்றுசேர்ந்த ஓர் ஊரின் வரலாறு நம் அண்டை மாநிலத்திலேயே உண்டு. கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் பூரா என்ற சிற்றூரில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் அமுல்ய ரெட்டியும் அவருடைய தோழர்களும் பொதுச் சாண எரிவாயுக் கலன் ஒன்றை நிறுவினர். எல்லா வீட்டு அடுப்புக்கும் எரிவாயு தருவதே முதல் நோக்கம். கிடைத்த சாணம் அதற்குப் போதவில்லை, முயற்சி தோற்றது. அவர்கள் ஊராரிடம் திரும்பிச் சென்று, உங்களுக்கு முதன்மையாக எது வேண்டும் என்று கேட்டனர். குடிநீர் என்று விடை வந்தது. 1987-ல் அதே எரிவாயுவால் இயந்திரம் ஓட்டி, மின்சாரம் ஆக்கி, ஆழ்துளைக் கிணற்று நீரை இறைத்துக் குழாயில் விட்டனர். வீடுகளுக்கு விளக்கும் ஏற்றினர். ஒவ்வொரு வீடும் கொண்டுவந்த சாணத்தை எடைபோட்டுக் கிலோவுக்கு 2 காசு தந்தனர். நொதித்த கரைசலைச் சாணம் தந்தவர்க்கு அவரவர் அளவுக்கேற்பத் திருப்பி அளித்தனர். கலனை நடத்தியவர்கள் அவ்வூர் இளைஞர்கள். கட்டணம் வசூலித்தது ஊர்ச் சங்கம்.

பூராவின் கணக்கை நாம் மிகவும் மதிக்கிறோம். 2 காசு சிறு தொகைதான். ஆயினும், சாணம் கொண்டுவந்த பெண்ணின் கையில் அது காசாக விழுந்தது. எடைபோட்டு, எழுதி, விலை கொடுத்து வாங்கியதால், அது கழிவு என்ற நிலையிலிருந்து உயர்ந்து சரக்காயிற்று. உரச்சத்து ஊரைவிட்டு வெளியேறவில்லை, தந்தவருக்கே திரும்பிற்று. தேவை எது என்று தீர்மானித்தது ஊர். அறிவியலாளர் அதற்கு இணங்கினர். எடை, விலை, உரம் திரும்புதல், ஊரின் தீர்மானம் ஆகிய இவற்றைச் சரியாகப் பிடித்தமையால்தான் அம்முயற்சி ஆண்டுக்கணக்கில் நின்றது. நம் நாட்டில் பிற்பாடு எழுந்து மறைந்த எத்தனையோ கலன்களில் இவற்றுள் ஒன்றாவது விடுபட்டிருக்கக் காணலாம்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஆந்திரத்தில் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உமியையும் வேளாண் கழிவையும் எரித்து மின்சாரம் ஆக்கும் தனியார் நிலையங்கள் பல எழுந்தன. மின்சாரத்தின் கொள்முதல் விலையை மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2004-ல் மாற்றியமைத்தது. அதன்மேல் எழுந்த வழக்கு தீர்ப்பாயத்துக்கும் அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது. 2010-ல்தான் தீர்ப்பு வந்தது. இதற்கிடையே, கேட்பார் மிகுந்ததும் உமியின் விலை ஏறிற்று. விற்கும் விலையை ஆணையம் கட்டிப்போட, வாங்கும் விலை சந்தையில் ஏற, நடுவே நிலையங்கள் திணறின. இந்த நெடிய வழக்கில் முதலீட்டாளர் இருந்தார், மின்வாரியம் இருந்தது, ஆணையம் இருந்தது. நெல் விளைத்தவர் எந்தத் தரப்பிலும் இல்லை. உமியின் விலை ஏறியபோதும் அந்த ஏற்றம் அரிசி ஆலையோடு நின்றுவிட்டது. ஏனெனில் உமியின் உரிமை ஏற்கெனவே ஆலை வாசலில் கைமாறியிருந்தது.

மேற்கு வங்கத்தின் சுந்தரவனத் தீவான கோசாபாவில் 1997-ல், எரிபொருளை எரிவாயுவாக்கி மின்சாரம் தரும் 500 கிலோவாட் வாயுவாக்கி நிலையம் ஒன்றை ஊர்க் கூட்டுறவு நடத்தத் தொடங்கியது. இருண்ட தீவுக்கு அது பெரும்பேறு. பிற்பாடு மாநில மின்கட்டம் வந்து சேர்ந்தபோது அந்நிலையத்தால் தாக்குப்பிடிக்க இயலவில்லை. சித்தூரிலும் திருப்பதியிலும் மின்கட்டம் முன்பே எட்டாத ஊர் இல்லை. போதாக்குறைக்கு, ஆந்திரத்தில் 2004 முதல் வேளாண் பம்புக்கு மின்சாரம் இலவசம். இலவசமாய்க் கிடைக்கும் ஒன்றோடு ஊர்ச் சங்கம் விலைக்குப் போட்டியிட முடியாது. ஆதலால் இங்கே பயிர்க்கழிவை மின்சாரமாக்கி உழவருக்கே விற்கும் திட்டம் தொடக்கத்திலேயே தோல்வியைச் சுமந்து பிறக்கும் என்று அஞ்சுகிறோம்.

இவ்வட்டாரத்துக்கு இல்லாதது வெப்பம். வெல்லம் காய்ச்ச வெப்பம் வேண்டும். மாங்கூழ் ஆலைகளின் கொதிகலன்களுக்கு வெப்பம் வேண்டும். கிருஷ்ணகிரியோடு இணையாகச் சொல்லப்படும் அளவுக்கு இத்தொழில் சித்தூரில் வளர்ந்திருக்கிறது. பலமநேர், குப்பம் பக்கத்தில் பட்டுக்கூட்டை வேகவைத்து நூலெடுக்க வெப்பம் வேண்டும். திருப்பதியின் விடுதிகளும் உணவகங்களும் ஓயாமல் அடுப்பெரிக்கின்றன. திருமலைத் தேவஸ்தானம் 2002-லேயே கதிரவன் வெப்பத்தால் நீராவி ஆக்கி, நாளொன்றுக்கு 15,000 பேருக்கு உணவு சமைக்கும் அமைப்பை நிறுவிற்று. வெயிலில் சமைக்கத் துணிந்த சமையற்கூடம், சக்கையின் வெப்பத்தை ஏற்கத் தயங்காது.

தொழில்நுட்பமும் இதற்கே துணைநிற்கிறது. வாயுவாக்கியில் காற்றைக் குறைத்து எரித்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த எரிவாயு கிடைக்கும். அதை இயந்திரத்துக்குள் விடுமுன் தாரை நீக்கித் தூய்மை செய்யவேண்டும். தவறினால் இயந்திரம் அடைத்துக்கொள்ளும். சிற்றூர்களில் இத்தகைய கலன்கள் கைவிடப்படுவதற்குத் தார் ஒரு முக்கியக் காரணம். அவ்வளவு பாடுபட்டும் எரிபொருளின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் மின்சாரமாவது அரிது. அதே வாயுவை நேரே அடுப்பில் எரித்தால் தாரும் சேர்ந்து எரிந்து வெப்பமாகிறது. டெரி ஆராய்ச்சி நிறுவனம் பட்டு நூலெடுக்கும் அடுப்புகளுக்கென்றே வாயுவாக்கி வடிவமைத்துக் கர்நாடகத்தில் பயன்படுத்திக் காட்டியது. பலமநேர் உழவரின் கொட்டகையில் புழு இலையைத் தின்றபின் எஞ்சும் மல்பெரிக் குச்சி, அவ்வூரிலேயே கூட்டை வேகவைக்கும் எரிபொருளாகலாம். விளைந்த இடத்துக்கும் எரியும் இடத்துக்கும் இடையே மிகக் குறைந்த தொலைவு. இடைத்தரகருக்கு இடமே இல்லை.

எனவே நம் பரிந்துரை, எரியாற்றலுக்கு முன் முதற்பதனிடலை ஊருக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்பதே. கடலையை ஓட்டோடு மூட்டை கட்டி அனுப்பாமல், ஊரிலேயே உடைத்துப் பருப்பாக விற்றால், காயின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கான ஓடு ஊரில் நிற்கும். கடலை உடைக்கும் இயந்திரம் ஓர் உழவர் குழுவின் சக்திக்கு உட்பட்டதே. உடைத்த ஓட்டை அழுத்திக் கட்டைகளாக்க வேறு பசை எதுவும் வேண்டியதில்லை. அழுத்தமும் சூடும் சேர்ந்தால் ஓட்டிலுள்ள பொருளே பிணைத்துக்கொள்ளும். இலேசான ஓடு கனத்த கட்டையானவுடன் வண்டிக்கூலி கட்டுபடியாகிறது. வெல்ல அடுப்பில் ஒற்றைக் கொப்பரைக்குப் பதில் இரண்டு கொப்பரை வைத்து, வெளியேறும் சூட்டில் அடுத்த கொதிக்கான சாற்றை முன்கூட்டியே சூடேற்றினால் சக்கை மிச்சமாகும். அந்த மிச்சமே உழவர் சங்கத்தின் முதல் சரக்கு. திருப்பதியை அடுத்த பெருமாள்பள்ளியில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அடுப்பைத் திருத்தும் பணியை ஆராய்ச்சி நிலையம் ஊர் ஊராக எடுத்துச் செல்லவேண்டும்.

மாவைப் பற்றித் தனியே ஒரு சொல். 2025 கோடையில் பெங்களூரா மாங்காயின் விலை விழுந்தபோது, கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் தரவேண்டும் என்று ஆந்திர அரசு வகுத்தது. ஆலை வாசலில் நாள்கணக்கில் வரிசையில் நின்ற வண்டிகளை நாடே கண்டது. பழத்துக்கே விலை பேச இயலாத உழவர், கொட்டைக்கும் தோலுக்கும் விலை பேசுவாரா என்று கேட்கலாம். தனித்தனியே பேச இயலாதுதான். ஆனால் ஆலைக்குப் பழம் தருவதும் கொதிகலனுக்கு எரிபொருள் தருவதும் ஒரே சங்கம் என்றால் பேச்சின் நிலை மாறும். பழக் கூழுக்கு மாற்று வரத்தை அண்டை மாநிலத்திலிருந்து ஆலை தேடிக்கொள்ளலாம்; கொதிகலன் எரிபொருளை அவ்வளவு தொலைவிலிருந்து இழுத்துவருவது கடினம். கொட்டையும் தோலும் ஈரமாதலால் எரிப்பதைவிட நொதிக்கவைப்பதே ஏற்றது. அவற்றை அப்புறப்படுத்த ஆலைகள் செலவழிக்கவேண்டியிருக்கிறது. சங்கம் அவற்றை எடுத்துக்கொண்டு எரிவாயுவாகவும் உரமாகவும் மாற்றித் தந்தால் இருதரப்புக்கும் நன்மை.

இதில் ஒரு பெரிய இடையூறு உண்டு. அதை மறைத்துப் பேசுவது முறையன்று. கழிவு பிறக்கும் காலமும் வெப்பம் வேண்டப்படும் காலமும் வேறு. மானாவாரிக் கடலை அறுவடை ஐப்பசி, கார்த்திகையில்; அப்போதுதான் வடகிழக்குப் பருவமழையும் கொட்டுகிறது. கரும்புக் காய்ச்சல் மார்கழிக்குப் பின் சூடுபிடிக்கிறது. மாங்கூழ் ஆலையின் கொதிகலன் எரிவது வைகாசி, ஆனி மாதங்களில். நனைந்த ஓடு எரியாது, பூஞ்சை பிடிக்கும். உலர்ந்த ஓடு தீப்பற்றும். ஆறு மாதம் காத்துவைக்கக் கூரையுள்ள கிடங்கும், தீயணைப்பு ஏற்பாடும், காப்பீடும் வேண்டும். சரக்கைக் கொடுத்த நாளிலேயே உழவருக்குப் பணம் தந்து, ஆறு மாதம் கழித்து ஆலையிடம் பெறும் இடைவெளியைத் தாங்க முதல் வேண்டும். ஊர் எரியாற்றல் திட்டங்கள் உண்மையில் முறிவது இந்த இடத்தில்தான். ஆகவே அரசின் பணம் இயந்திரத்தைவிடக் கிடங்குக்கும் நடைமுறை முதலுக்கும் போகவேண்டும். இயந்திரத்துக்குத் தரும் மானியம் பெரும்பாலும் இயந்திரம் விற்பவரிடமே போய்ச் சேர்கிறது.

சட்டம் குறுக்கே நிற்கவில்லை. அரசின் கைப்பிடியிலிருந்து விலகி, உறுப்பினர் பணத்தில், உறுப்பினர் ஆட்சியில் இயங்கும் கூட்டுறவுக்கு நாட்டிலேயே முதன்முதலாக வழிகோலியது ஆந்திரத்தின் 1995-ஆம் ஆண்டுச் சட்டம். 2002 முதல் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் அமைக்கவும் இடமுண்டு. பத்து உழவர் கூடினால் போதும். 2003 மின்சாரச் சட்டம், மின் உற்பத்திக்கு உரிமம் வேண்டியதில்லை என்றது. அரசு அறிவிக்கும் ஊரகப் பகுதிகளில் ஆக்கி வழங்குவதற்கும் உரிமத்திலிருந்து விலக்களித்தது. கதவுகள் திறந்தே கிடக்கின்றன. உள்ளே நுழைய வேண்டிய துணிவு, மூடிய ஆலைகளையும் மூடிய பால்பண்ணையையும் கண்ட மக்களிடம் எப்படிப் பிறக்கும்? சிறிதாகத் தொடங்கினால் பிறக்கும். ஓர் ஊர், ஒரு தராசு, வாரந்தோறும் பலகையில் எழுதிவைக்கும் விலை, மாதந்தோறும் ஊர்க்கூட்டத்தில் வாசிக்கும் வரவுசெலவு. நூறு ஊர்களைச் சேர்த்துப் பெரிய ஆலை எழுப்பி, அதன் தலைவர் பதவிக்குக் கட்சிகள் மோதிக்கொண்ட பழைய பாதை மீண்டும் வேண்டாம்.

மண்ணின் பங்கை எவரும் கேட்கப்போவதில்லை. ஆதலால் அதை நாம் கேட்கிறோம். ஒரு டன் வைக்கோலை எரித்தால் ஐந்தரை கிலோ அளவுக்குத் தழைச்சத்தும் 25 கிலோ அளவுக்குச் சாம்பல் சத்தும் மண்ணை விட்டுப் பிரிகின்றன என்று வேளாண் துறையினர் கணக்கிடுகின்றனர். கரும்பு வெட்டியபின் ஹெக்டேருக்கு 8 முதல் 10 டன் தோகை வயலில் கிடக்கும். அதைத் தீயிட்டுக் கொளுத்தும் வழக்கம் சித்தூரிலும் உண்டு. அது முற்றிலும் வீண். தோகையை அங்கேயே மூடாக்காகப் பரப்பினால் மறுதாம்புக் கரும்புக்கு ஈரம் நிற்கும், களை அடங்கும். செம்மண் நிலத்தில் மழை குறைந்த ஆண்டுகளில் இந்த ஈரம் ஒரு பாசனத்துக்குச் சமம். எனவே தோகையை எரிபொருள் பட்டியலிலேயே சேர்க்கவேண்டாம் என்கிறோம். எரிக்கும் எதிலிருந்தும் சாம்பலும், நொதிக்கும் எதிலிருந்தும் கரைசலும் வயலுக்குத் திரும்பவேண்டும் என்பதைச் சங்கத்தின் விதிகளில் முதல் விதியாக எழுதவேண்டும்.

பெருநிறுவனங்கள் வந்துகொண்டிருக்கும் இவ்வேளையில் இதைப் பேசுவது அவசரத் தேவையாகிறது. 2024 நவம்பரில் ரிலையன்ஸ் நிறுவனமும் ஆந்திர அரசும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, 65,000 கோடி ரூபாய் முதலீட்டில் மாநிலமெங்கும் 500 உயிரி எரிவாயு ஆலைகள் எழவுள்ளன. முதல் ஆலைக்குப் பிரகாசம் மாவட்டத்தில் 2025 ஏப்ரலில் அடிக்கல் நாட்டினர். தரிசு நிலத்தில் நேப்பியர் புல் வளர்த்து எரிவாயு எடுப்பது திட்டத்தின் பெரும்பகுதி. முதலீட்டை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் இம்முறையில் உழவருக்கு வாய்க்கும் இடம், நிலத்தைக் குத்தகைக்கு விடுபவர் அல்லது புல் அறுத்துத் தருபவர் என்ற அளவில் நின்றுவிடும். புல்லுக்கு எழுதப்படும் விலை எரிவாயுவின் விலையோடு சேர்ந்து ஏறுமா? நொதித்த கரைசல் புல் வளர்ந்த நிலத்துக்கு இலவசமாகத் திரும்புமா? தரிசு என்று ஏட்டில் எழுதியிருக்கும் நிலத்தில் இன்று மேயும் ஆடுமாடுகள் எங்கே போகும்? இக்கேள்விகளுக்கு ஒப்பந்தத் தாளில் எழுத்துவடிவில் விடை கிடைத்தபின்பே எந்த ஊரும் கையெழுத்திடவேண்டும்.

பெரிது தவிர வேறு வழியில்லை என்போர் ஜெர்மனியின் யூன்டே என்ற சிற்றூரைப் பார்க்கட்டும். முந்நூறு வீடுகளும் தேறாத அவ்வூரார் கூட்டுறவு அமைத்து, மாட்டுக் கழிவையும் பயிரையும் நொதிக்கவைத்து, 2005 முதல் மின்சாரமும் வீடுகளுக்கு வெந்நீர்ச் சூடும் பெற்றனர். அவர்களுக்கு மின்சாரத்தை உறுதியான விலையில் வாங்கிக்கொள்ளும் தேசியச் சட்டம் துணைநின்றது. நம் உழவர் கேட்பதும் அத்தகைய உறுதியைத்தான். வெப்பத்துக்கு அந்த உறுதியைத் தரக்கூடியவை மாங்கூழ் ஆலைகளும் தேவஸ்தானமும். தஞ்சையில் பிறந்து, வார்தாவில் காந்தியடிகளின் சிற்றூர்த் தொழிற் சங்கத்தை நடத்தி, இறுதியில் கல்லுப்பட்டியில் வாழ்ந்த ஜே. சி. குமரப்பா, ஊரின் மூலப்பொருள் ஊரிலேயே பதனிடப்படவேண்டும் என்று வாழ்நாள் முழுதும் வாதாடினார். அவர் காலத்தில் அது ஒழுக்கத்தின் குரலாக ஒலித்தது. இன்று எரிபொருளின் விலைப்பட்டியலும் அதையே சொல்கிறது.

தமிழ் வாசகர் இதை அயல்மாநிலச் செய்தி என்று ஒதுக்குவதற்கில்லை. 1960-ல் திருத்தணி இப்பக்கம் வந்தது; சித்தூர் அப்பக்கம் நின்றது. கரும்பும் கடலையும் மாவும் எல்லைக்கோட்டை அறியா. நகரியிலும் புத்தூரிலும் சத்தியவேட்டிலும் குப்பத்திலும் தமிழ் பேசும் உழவர் வாழ்கின்றனர். பள்ளிப்பட்டு வயலிலிருந்து நகரி வயலைப் பிரிப்பது ஒரு பலகை மட்டுமே. எல்லைக்கு அப்பால் ஒரு சங்கம் சக்கைக்கு விலை பெற்றுவிட்டால், திருவாலங்காட்டுக் கூட்டுறவு ஆலைக்குக் கரும்பு தரும் உழவரும் அதே கேள்வியைக் கேட்பார். கேட்கவேண்டும்.

சித்தூர், திருப்பதி மாவட்ட ஆட்சியர்களும், ஆந்திரப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் கழகமும் இக்காய்ச்சற் பருவம் தொடங்குமுன் செய்யக்கூடியவை கையெட்டும் தூரத்தில் உள்ளன. வெல்லம் காய்ச்சும் ஊர்களில் மூன்றையோ நான்கையோ தேர்ந்து, 1995 சட்டத்தின்கீழ் உழவர் சங்கம் பதிவதற்கு உதவட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிடங்கும் தராசும், ஓராண்டுக் கொள்முதலுக்கான சுழல்நிதியும் தரட்டும். மாங்கூழ் ஆலைகளை அழைத்து, வரும் வைகாசிக்கு வேண்டிய எரிபொருளில் ஒரு பங்கை இச்சங்கங்களிடமிருந்து, முன்கூட்டி எழுதிய விலைக்கு வாங்குவதாக ஒப்பம் பெறட்டும். மூன்று கோடைகளுக்கு அவ்வொப்பந்தம் நிற்கட்டும். சங்கத்தின் கணக்கை ஊர்ச் சாவடியில் எல்லாரும் படிக்கத் தெலுங்கிலும், தமிழ் பேசும் ஊரில் தமிழிலும் எழுதி ஒட்டட்டும்.